பட்ட மரத்தில் பாதி பொருக்கு, பாதி தட்டு

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த பிறகு, ஊருணிக் கரையில் விழுந்து கிடக்கும் வாகை அடிமரத்தைப் போய்ப் பாருங்கள். பக்கவாட்டில் அரைவட்டத் தட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே பழைய வீட்டுக் கதவு வார்னிஷ் போலச் சிவப்புப் பழுப்பு, ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கரை. அதே மரத்தைக் கொஞ்சம் உருட்டினால் தரையைப் பார்த்த பக்கத்தில் தட்டே இருக்காது. சுண்ணாம்பு பூசிய மாதிரி ஒரு வெள்ளைப் பொருக்கு ஒரு முழ நீளத்துக்கு ஒட்டிக் கிடக்கும். இரண்டையும் தனித்தனியாகப் படம் எடுத்து இரண்டு பெயர் கேட்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் இரண்டும் ஒரே காளான்.

(உருட்டுவதற்கு முன் கம்பால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். காளானுக்குப் பிடித்த ஈரமும் இருட்டும் தேளுக்கும் கட்டுவிரியனுக்கும் பிடிக்கும்.)

இப்படி மரத்தோடு ஒட்டிப் படர்ந்து, விளிம்பு மட்டும் வெளியே மடிந்து தட்டாக நீளும் வகைகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இவற்றைப் பெயர் சொல்வதில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, வடிவத்தையும் மேல்நிறத்தையும் நம்புவதால் வருகிறவை. வடிவம் காளான் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும். எந்த இனம் என்பதை அடிப்பக்கமும் உள்சதையும்தான் சொல்லும்.

காரணம் எளிது. காளானுக்கு விதை மாதிரியான ஸ்போர்கள் என்ற நுண்தூள் அதன் அடிப்பக்கத்தில் உருவாகிறது. அங்கிருந்து கழன்று நேராகக் கீழே விழுந்தால்தான் காற்றில் ஏற முடியும். அதனால் துளைக்குழாய்கள் எப்போதும் தரையை நோக்கியே வளரும். நிற்கும் பட்ட மரத்தில் தரையை நோக்க வேண்டுமென்றால் மரத்தை விட்டு வெளியே நீள வேண்டும்; தட்டு பிறக்கிறது. கிடக்கும் மரத்தின் அடிவயிற்றில் அந்த வேலையே இல்லை, ஏற்கெனவே கீழே பார்த்த நிலைதான். பொருக்காகப் படர்ந்தால் போதும். இடைப்பட்ட சரிவில் பாதிப் பொருக்கு, பாதித் தட்டு. ஒரே கட்டையைச் சுற்றி விரலை ஓட்டினால் மூன்று நிலையும் தொடர்ச்சியாகக் கிடைக்கும். அப்படித் தொடர்ச்சி கிடைத்தால் ஒரே இனம் என்பதற்கு அது நல்ல சாட்சி. தொடர்ச்சி அறுந்து நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், இரண்டு வேறு காளான்கள் எல்லை வகுத்துக்கொண்டு நிற்கின்றன என்று சந்தேகப்படுங்கள்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரியும். விழுந்து கிடக்கும் கட்டையில் தட்டுகள் சுவர் போலச் செங்குத்தாக, அடிப்பக்கம் தரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்து நின்றால், அவை மரம் நின்றிருந்தபோது முளைத்தவை. மரம் பிறகு விழுந்திருக்கிறது. அந்தப் பழைய தட்டின் ஓரத்திலிருந்தே புதுத்தட்டு வேறு கோணத்தில் கிளம்பியிருந்தால், விழுந்த பிறகும் காளான் உயிரோடு இருந்தது என்று அர்த்தம். கோயில் காட்டில் ஒரு மரம் பட்ட பிறகு விழுந்ததா, விழுந்த பிறகு பட்டதா என்று கேட்டால் இதை வைத்து ஓரளவு பதில் சொல்லலாம்.

சரி, பெயருக்கு வருவோம். கையில் வேண்டியவை நான்கு: பத்து மடங்கு லென்ஸ் (நகை ஆசாரிகள் கண்ணில் வைப்பதே போதும், காரைக்குடியில் கிடைக்கும்), மில்லிமீட்டர் கோடு போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேல், புது பிளேடு, காகித உறைகள். முடிந்தால் ஒரு சின்ன பாட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். அதைப் பற்றிப் பிறகு.

முதல் வேலை, திருப்பிப் பார்ப்பது. அடிப்பக்கம் மூன்று மாதிரி இருக்கும். வழவழவென்று, ஆத்தங்குடிக் கல் போல, துளையே இல்லாமல் ஒன்று. சல்லடை போலத் துளையோடு ஒன்று. விசிறி மடிப்பு போலக் கோடுகளோடு ஒன்று. இந்த மூன்றில் எது என்று லென்ஸ் வைக்காமல் முடிவு செய்யாதீர்கள். மில்லிமீட்டருக்கு ஐந்தாறு துளை உள்ள காளான் வெறுங்கண்ணுக்கு வழவழப்பாகத்தான் தெரியும். வெளிச்சம் நேராக விழுந்தாலும் துளை மறைந்துவிடும். துண்டைச் சாய்த்து, பக்கத்திலிருந்து ஒளி விழும்படி பிடியுங்கள்.

மேலே சொன்ன வாகை மரத்துக் காளான் சல்லடை வகை. இதன் பெயர் எர்லியெல்லா ஸ்கேப்ரோசா. எர்லியெல்லா என்ற பேரினத்தை அமெரிக்கக் காளானியலாளர் மர்ரில் 1905-ல் ஏற்படுத்தினார். வெப்பமண்டலம் முழுக்க, இலை அகன்ற மரங்களின் பட்ட கட்டையில் வளரும். இதைக் கிட்டத்தில் வைத்துக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதைச் சரியாகப் பார்க்கப் பழகினால் மற்றவற்றை இதோடு ஒப்பிட்டே பிரித்துவிடலாம்.

தட்டு மரத்திலிருந்து நீளும் அகலம் பெரும்பாலும் இரண்டு விரற்கடைக்கும் நாலு விரற்கடைக்கும் நடுவே. மெல்லியது, மரத்தோடு சேரும் இடத்தில்கூட ஐந்தாறு மில்லிமீட்டர்தான். பச்சையாக இருக்கும்போது செருப்புத் தோல் போல வளையும், காய்ந்தால் விறைத்துக்கொள்ளும். இளம் தட்டு முழுக்க வெள்ளை. சிவப்புப் பழுப்பு நிறம் மரத்தோடு சேரும் இடத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக ஏறும். அதனால் ஒரே கட்டையில் முழு வெள்ளைத் தட்டும், பாதிச் சிவந்ததும், ஓரம் மட்டும் வெள்ளையாக மிஞ்சியதும் அடுத்தடுத்து இருக்கும். மேல்பக்கத்தை விரலால் தடவுங்கள்: மயிர் கிடையாது. மெல்லிய மேடுபள்ளமும் சிறு பருக்களும் தட்டுப்படும். அந்தச் சிவப்பு ஒரு தோல். பிளேடால் நெடுக்காக வெட்டினால் வெட்டுமுகத்தில் மேலே அது மெல்லிய கோடாகவும் கீழே சதை வெள்ளையாகவும் தெரியும்.

இப்போது துளைகள். ஸ்கேலை அடிப்பக்கத்தில் வைத்து, லென்ஸ் வழியாக ஐந்து மில்லிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை துளை வருகிறது என்று எண்ணி ஐந்தால் வகுங்கள். ஒரே மில்லிமீட்டரை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும். தட்டின் வெளி ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, பொருக்குப் பகுதியில் ஒன்று என மூன்று இடத்தில் எண்ணுங்கள். எர்லியெல்லாவில் மில்லிமீட்டருக்கு இரண்டு மூன்று வரும். ஆனால் எண்ணைவிட முக்கியம் ஒழுங்கின்மை. சில துளைகள் கோணலாக, சில நீளமாக இழுபட்டு, மரத்தின் செங்குத்துப் பகுதியில் பக்கத்துத் துளைகளோடு சேர்ந்து வளைந்து நெளிந்த சந்துகளாகிவிடும். கோலப்புள்ளி மாதிரி ஒரே சீராக வட்டத் துளைகள் தெரிந்தால் அது எர்லியெல்லா இல்லை என்றே தொடங்குங்கள்.

சீரான சின்னத் துளை என்றால் டிராமீட்டிஸ் கூட்டத்தைப் பாருங்கள். மேல்பக்கத்தில் வெல்வெட் போன்ற மயிரும் பட்டை பட்டையாக நிற வளையங்களும் இருக்கும். போனில் உள்ள அடையாளம் சொல்லும் ஆப்களிடம் எந்தத் தட்டுக்காளானைக் காட்டினாலும் ‘டிராமீட்டிஸ் வெர்சிகலர்’ என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. குளிர்நாட்டுப் படங்களை நிறையத் தின்று வளர்ந்த ஆப்கள் அவை. மேல்பக்க வளையத்தைப் பார்த்ததும் அந்தப் பெயர் வந்துவிடுகிறது. மேல்பக்கப் படம் ஒன்றை மட்டும் கொடுத்தால் ஆப்பைக் குறை சொல்லியும் பயனில்லை. அடிப்பக்கப் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள், பிறகும் பெயரைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலும் கீழும் உள்ளும் ஒரே குங்குமச் செம்மஞ்சளாக இருந்தால் பைக்னோபோரஸ் சாங்குனியஸ். இப்போது இதை டிராமீட்டிஸ் பேரினத்திலேயே சேர்த்தும் எழுதுகிறார்கள். வெயில் படும் கட்டையில், விறகு அடுக்கின் உச்சியில், வேலிக் கம்பில் இது சகஜம். வெயிலில் மேல்பக்கம் வெளிறிச் சாம்பலாகிவிடும், அப்போதும் அடிப்பக்கம் சிவந்தே இருக்கும். இதில் குழப்பத்துக்கே இடமில்லை. திருப்பிப் பார்க்காதவர் மட்டும்தான் தவறுவார்.

துளை பெரிதாக, தேனடை போல அறுகோணமாக இருந்தால் ஹெக்ஸகோனியா. ஹெக்ஸகோனியா டெனுயிஸ் அப்பளம் போல மெல்லியது, பழுப்பு, மில்லிமீட்டருக்கு ஒன்றோ இரண்டோ துளை. ஹெக்ஸகோனியா ஏப்பியாரியாவில் ஒரு துளையே சில மில்லிமீட்டர் அகலம், மேலே கறுத்த முள்மயிர்.

விசிறி மடிப்பு போன்ற கோடு என்றால் பெரும்பாலும் ஸ்கைசோஃபில்லம் கம்யூன். ஒரு விரல் அகலச் சாம்பல் வெள்ளை விசிறி, மேலே பஞ்சு மயிர். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு கோடும் நெடுக இரண்டாகப் பிளந்திருக்கும். காய்ந்தால் அந்தப் பிளவுகள் வெளியே சுருண்டு மூடிக்கொள்ளும், மழை பட்டதும் திறக்கும். மாங்கிளை, புளியங்கிளை, முருங்கை, எதையும் விடாது. உலர்ந்த மாதிரியை மூடி வைத்து ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்து நனைத்தபோது மறுபடி உயிர்த்தது என்று பதிவு இருக்கிறது. மணிப்பூரில் இதைக் ‘காங்லாயென்’ என்று சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு இங்கே பட்ட கட்டையில் பறித்துக் குழம்பு வைக்க யாரும் கிளம்ப வேண்டாம். சரியாகத் தெரியாத காளானை வாயில் வைக்கக் கூடாது என்ற ஊர்ப் பழக்கம் நல்ல பழக்கம். இந்தப் பதிவில் வரும் மற்றவை தோல், கட்டை; மெல்லவே முடியாது.

வழவழ அடிப்பக்கம்தான் சிக்கலான கூட்டம். இதில் எல்லாரும் சொல்லும் பெயர் ஸ்டீரியம். ஐரோப்பியக் கையேடுகளில் ஸ்டீரியம் ஹிர்சூட்டம், ஸ்டீரியம் ருகோசம் என்ற இரண்டும் முன்னால் நிற்கும். ஓக், பீச், ஹேசல் போன்ற அந்த ஊர் இலையுதிர் மரங்களை வைத்து எழுதியவை. ருகோசத்தின் ஈரமான அடிப்பக்கத்தை நகத்தால் கீறினால் ரத்தம் கசிவது போலச் சிவக்கும் என்று அதில் இருக்கும். உண்மைதான், ஆனால் அந்தச் சோதனை அந்த இனத்துக்கும் அதன் நெருங்கிய சொந்தங்களுக்கும் உரியது. கீறிச் சிவக்கவில்லை என்பதால் ஸ்டீரியம் இல்லை என்று தள்ளிவிடக் கூடாது. நம் பக்கம் முதலில் ஒப்பிட வேண்டியது ஸ்டீரியம் ஆஸ்ட்ரியா. இது ஜாவாவில் கிடைத்ததை வைத்து 1826-ல் விவரிக்கப்பட்ட வெப்பமண்டல இனம். சிப்பி வடிவம், ஒரு மில்லிமீட்டர் கனம், மேலே வளைய வளையமாகப் பழுப்பும் செம்பழுப்பும் சாம்பலும், இளசில் பூமயிர். அடிப்பக்கம் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு, ஒரு துளைகூட இல்லை. மேல்பக்கம் ஆங்கிலத்தில் ‘வான்கோழிவால்’ எனப்படும் டிராமீட்டிஸ் வெர்சிகலரை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருப்பதால் இதைப் ‘போலி வான்கோழிவால்’ என்ற பொருளில் கூப்பிடுகிறார்கள். செட்டிநாட்டு வறட்சியில் இதைச் செம்மண் பொட்டலில் தேடிப் பயனில்லை. ஊருணிக் கரை நிழல், கோயில் காட்டின் உள்பகுதி, தென்னந்தோப்பு ஓரத்துப் பாசனக் கால்வாய் என்று ஈரம் தங்கும் இடத்தில் பாருங்கள்.

வழவழ அடிப்பக்கம் மஞ்சளாக இல்லாமல் துருப்பிடித்த இரும்பு நிறமாக இருந்தால் ஹைமினோகீட்டி என்று சந்தேகப்படுங்கள். லென்ஸில் அந்தப் பரப்பில் மிக நுண்ணிய பழுப்பு முட்கள் நிற்பது தெரியும், பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னும் நன்றாக. இங்கேதான் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கைகொடுக்கும்: சில காளான்களின் சதை இது பட்டதும் கறுக்கும், சிலவற்றின் சதை கறுக்காது.

தயாரிப்பு இப்படி. 20 மில்லி தண்ணீரில் 1 கிராம் வில்லை. ஐந்து சதவீதக் கரைசல். தண்ணீரில்தான் வில்லையைப் போட வேண்டும், வில்லையின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. சூடு கிளம்பித் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். தோலில் பட்டால் வழுவழுப்பாக உணர்வது தோல் கரைவதால். உடனே குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பொருள் இது. சொட்டுமூடி உள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் வைத்தால் மூடி இறுகிப்போகும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கரைசல் வீரியம் குறையும்; அப்புறம் ‘கறுக்கவில்லை’ என்று தவறாக எழுதுவீர்கள். பழைய கரைசலைச் சந்தேகப்பட்டால், கட்டாயம் கறுக்கும் என்று தெரிந்த ஒரு துண்டை வைத்திருந்து முதலில் அதில் சோதியுங்கள்.

சோதனையை முழுக் காளான் மேல் செய்யாதீர்கள். கடுகு அளவு சதையைப் பிளேடால் கிள்ளி வெள்ளைப் பீங்கானில் வைத்து ஒரு சொட்டு விடுங்கள். பக்கத்தில் அதே அளவு இன்னொரு துண்டை வைத்து வெறும் தண்ணீர் ஒரு சொட்டு. பழுப்புச் சதை எதுவும் நனைந்தாலே கொஞ்சம் கறுக்கும்; தண்ணீர்த் துண்டோடு ஒப்பிட்டால்தான் உண்மையான கறுப்பு தெரியும். ஒரு நிமிடத்துக்குள் கரி போல ஆகி அப்படியே நின்றால் பலன் உண்டு. ஹைமினோகீட்டியும், கட்டை போன்ற ஃபெல்லினஸும் இப்படிக் கறுக்கும். ஹெக்ஸகோனியாவும் கறுக்கும். எனவே கறுத்ததும் ஃபெல்லினஸ் என்று எழுதிவிடாதீர்கள், துளையைப் பார்த்தபிறகு எழுதுங்கள். எர்லியெல்லாவின் வெள்ளைச் சதை கறுக்காது. லேசாக மஞ்சள் ஓடினால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

முழுக்கக் கறுப்பாக, கரிக்கட்டை போலக் கெட்டியாக இருக்கும் பொருக்குகள் இந்தக் கூட்டமே இல்லை. டால்டினியா, ஹைப்போசைலான் போன்ற வேறொரு பெரும் பிரிவு. டால்டினியாவைக் குறுக்கே வெட்டினால் வெங்காயம் போல வளையங்கள் இருக்கும். சாம்பல் பச்சையாகப் பட்டையோடு ஒட்டி, நனைத்ததும் பச்சை தூக்கலாகத் தெரியும் பொருக்கு லைக்கன், அதாவது காளானும் பாசியும் கூட்டாக வாழ்வது. நம் மசாலாவில் போடும் கல்பாசியின் சொந்தம். அதுவும் பாதிக்குக் காளான்தான் என்றாலும் மரத்தைத் தின்னாது, பட்டையில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவே.

மரம் எது என்று எழுதாத காளான் குறிப்பு பாதிக் குறிப்பு. கையேடுகள் ‘இலையுதிர் மரக்கட்டை’ என்று எழுதுவது ஊசியிலை மரத்திலிருந்து பிரித்துச் சொல்வதற்காக. இலை உதிர்கிறதா என்ற கேள்வி அங்கே இரண்டாம்பட்சம். காரைக்குடிப் பக்கம் அந்தப் பிரிவு அநேகமாகத் தேவைப்படாது. இங்கே ஊசியிலைக் கூட்டம் என்றால் பங்களாத் தோட்டத்துத் துஜாவும், பார்சல் வந்த பைன் மரப் பெட்டியும்தான். சவுக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதன் இலை ஊசி போலத் தெரிந்தாலும் அது பூக்கும் தாவரம். அதில் வரும் காளான் வாகையில், ஒதியனில் வருகிற கூட்டத்தைச் சேர்ந்தது. பைன் பெட்டியில் வந்த பொருக்கை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள்.

பட்ட மரத்துக்குப் பெயர் சொல்ல இலை இருக்காது. பட்டையையும் வெட்டுமுகத்தையும் பாருங்கள். புளியின் வைரம் (நடுவிலுள்ள கெட்டிக் கட்டை) கருஞ்சிவப்பு, கத்தி இறங்காது. பூவரசு வைரம் சாக்லேட் நிறம். ஒதியன் மென்மையான மரம், நகம் பதியும், பட்டையில் பிசின் காய்ந்த தடம் இருக்கும். முருங்கை நெட்டி மாதிரி நசுங்கும். தெரியவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். தோப்புக்காரரையோ விறகு வெட்டுபவரையோ கேட்டால் பட்டையைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

கட்டையின் அழுகலையும் ஒரு வரி எழுதுங்கள். எர்லியெல்லா, ஸ்டீரியம், டிராமீட்டிஸ் எல்லாமே வெள்ளை அழுகல் செய்பவை. மரத்துக்கு விறைப்புக் கொடுக்கும் லிக்னின் என்ற பொருளையும் சேர்த்துத் தின்பதால் மரம் வெளிறி, நார் நாராக, இலேசாகிவிடும். அதற்கு மாறாக மரம் செம்பழுப்பாகி, சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியானால் அது பழுப்பு அழுகல். அந்தக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் பழுப்புத் தட்டைத் திருப்பினால் கோடு கோடாகப் பழுப்புச் சந்துகள் தெரிகிறதா பாருங்கள், கிளியோஃபில்லமாக இருக்கலாம். வெயிலில் கிடக்கும் சீவிய மரத்தில், பழைய கதவுச் சட்டத்தில் வரும் காளான் இது.

அதைச் சொன்னதும் பழைய வீடுகள் நினைவுக்கு வருகின்றன. பெரிய வீட்டின் உத்தரத்திலோ கைமரத்திலோ இப்படித் தட்டு முளைத்தால், பெயர் தேடுவதற்கு முன் ஓட்டைப் பாருங்கள். மரத்தின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் நின்றால்தான் அழுகல் காளான் பிழைக்கும். காய்ந்த பர்மாத் தேக்கில் அது வராது. ஆகவே மேலே எங்கோ ஒழுகுகிறது: உடைந்த ஓடு, முற்றத்தைச் சுற்றிய தகரக் கால்வாயில் அடைத்த இலை, சுவரில் ஏறும் ஈரம். தட்டைச் சுரண்டி வார்னிஷ் அடித்தால் மரத்துக்குள் ஓடும் காளானின் நூல் போன்ற இழை அப்படியே இருக்கும், அடுத்த கார்த்திகையில் பக்கத்தில் முளைக்கும். ஸ்க்ரூடிரைவரால் மரத்தைக் குத்திப் பாருங்கள். தட்டு இருக்கும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் நார்ப்போக்கில் குத்திக்கொண்டே போய் எங்கே கெட்டியாகிறது என்று குறியுங்கள். மாற்ற வேண்டிய நீளம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஸ்போர்ப் படிவு எடுப்பது குடைக்காளான் மாதிரி எளிதில்லை. காய்ந்த தட்டு எதையும் உதிர்க்காது. மழை விட்ட மறுநாள் எடுத்த துண்டை, அடிப்பக்கம் கீழே பார்க்க, பாதி கறுப்பு பாதி வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து எவர்சில்வர் கிண்ணத்தால் மூடுங்கள். ஓர் இரவு போதாவிட்டால் இன்னொரு இரவு. காய்ந்திருந்தால் முதலில் ஈரத்துணியில் ஒரு நாள் சுற்றி வைக்கலாம். ஸ்டீரியம், எர்லியெல்லா, டிராமீட்டிஸ் எல்லாவற்றுக்கும் வெள்ளைதான் விழும், ஆகவே இவற்றைத் தங்களுக்குள் பிரிக்க இது உதவாது. காபித்தூள் போலப் பழுப்பாக விழுந்தால் கேனோடெர்மாவை யோசியுங்கள். இளம் கேனோடெர்மாவின் சிவப்புத் தோலையும் வெள்ளை ஓரத்தையும் எர்லியெல்லா என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனால் கேனோடெர்மா தடிமனாக, பெரும்பாலும் மரத்தின் அடித்தூரில் வரும், துளைகள் மிகச் சிறியவை, சீரானவை.

மைக்ரோஸ்கோப் வசதி உள்ள கல்லூரி பக்கத்தில் இருந்தால் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். ஒன்று, அயோடின் கரைசலில் ஸ்போர் நீலமாகிறதா: ஸ்டீரியத்தில் ஆகும், எர்லியெல்லாவில் ஆகாது. இரண்டு, இழைகள் எத்தனை விதம். மெல்லிய சுவருள்ள இழை, தடித்த சுவருள்ள இழை, கிளைத்துப் பின்னும் இழை என்று மூன்றும் எர்லியெல்லாவில் இருக்கும். இந்த இழை வகைப்பாட்டை 1932-ல் எழுதியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்த கார்னர். தட்டுக்காளான் பெயரிடலில் இன்றுவரை அதைத்தான் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

படம் எடுப்பதாக இருந்தால் நான்கு: கட்டையோடு சேர்ந்த முழுக்காட்சி, மேல்பக்கம், அடிப்பக்கம், வெட்டுமுகம். அளவுக்கு நாணயம் வைக்காதீர்கள், ஸ்கேல் வையுங்கள். ஒரு ரூபாய்க் காசே காலத்துக்குக் காலம் அளவு மாறியிருக்கிறது. பிளாஷ் போட்டால் துளை மறையும். ஒரு வெள்ளைக் காகிதத்தை ஓரத்தில் சேர்த்து எடுத்தால் போன் செய்யும் நிற விளையாட்டைப் பிறகு சரிசெய்யலாம். செம்மண் பின்னணியில் எடுத்த படத்தில் வெள்ளைத் துளைகள் நீலம் பாய்ந்து தெரிவதைப் பார்த்திருப்பீர்கள்.

மாதிரி எடுக்கும்போது தட்டை மட்டும் பிய்க்காமல், பொருக்கும் தட்டும் சேரும் இடத்தை மரத்தோடு சேர்த்து உளியால் பெயர்த்தெடுங்கள். உள்ளங்கையில் பாதி அளவு போதும், மிச்சத்தை விட்டுவிடுங்கள். பாலிதீன் பையில் போட்டால் ஒரே இரவில் பூசணம் பிடிக்கும். காகித உறையில் போடுங்கள். மாடி வெயிலில் வலைக்கு அடியில் இரண்டு மூன்று நாள் காயட்டும். அடைமழைக் காலத்தில் வெயில் கிடைக்காவிட்டால் 40 டிகிரி சூட்டுக்கு மேல் போகாமல் பல்பு வெளிச்சத்தில் காயவைக்கலாம். அடுப்பின் மேல் வைத்தால் வெந்துபோய் இழைகள் கெட்டுவிடும்.

காய்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஆடி மாதத்தில் அதிர்ச்சி காத்திருக்கும். இந்தத் தட்டுகளுக்குள்ளேயே வாழும் மிளகைவிடச் சிறிய வண்டுகள் உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது. உறையைத் திறந்தால் தோல் மட்டும் மிஞ்ச உள்ளே பழுப்புத்தூள். நன்றாகக் காய்ந்த பிறகு காற்றுப் புகாத பையில் போட்டு ஃபிரீசரில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் வண்டும் புழுவும் சாகும். ஈரமாக வைத்தால் பனி உறைந்து துண்டு நைந்துவிடும், அதனால் வரிசை முக்கியம்: முதலில் காய்ச்சல், பிறகு குளிர். அதன்பின் உறைக்குள் ஒரு அந்துருண்டை.

உறைக்குள் போடும் சீட்டில் பெயர் எழுதும் கட்டத்தைக் கடைசியில் வையுங்கள். சீட்டு இப்படி இருந்தால், பத்து வருடம் கழித்து பெயர் மாறினாலும் மாதிரி செல்லாக்காசு ஆகாது:

‘விழுந்த வாகை அடிமரம், பட்டை பாதி உதிர்ந்தது, ஊருணியின் தென்கரை, நிழல். மரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு, பக்கத்தில் தட்டாகத் தொடர்கிறது. தட்டு 4 செ.மீ. நீளுகிறது, அடியில் கனம் 5 மி.மீ. மேல்பக்கம் மயிர் இல்லை, சிவப்புப் பழுப்புத் தோல், ஓரம் வெள்ளை. அடிப்பக்கம் துளை, மி.மீ.க்கு 2 முதல் 3, கோணல், பொருக்குப் பகுதியில் சந்துகளாக. சதை வெள்ளை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கறுக்கவில்லை. மரம் வெளிறி நாராகிறது. ஸ்போர் வெள்ளை. எர்லியெல்லா ஸ்கேப்ரோசா போல, மைக்ரோஸ்கோப் பார்க்கவில்லை.’